நிமிஷத்துக்கு இருபத்து நாலு

அத்தியாயம் 4

"கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் முனிரத்தினம். நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணி. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைதான் அகிலாவின் துப்பறியும் நிலையம். அகிலா சென்னையில் பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். கம்ப்யூட்டரின் அடிமூளையான கெர்னலை எழுதுவது அவள் வேலை. ஒருநாள் மேலாளரின் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்தாள். அவளுடைய உதவியாளர் பீட்டர் இருபது வருடம் மினி பஸ் கண்டக்டராக இருந்தவர். அந்த மினி பஸ் நின்றுபோய் மூன்று வருடம் ஆகிறது. பீட்டரின் வாய் இன்னும் நிற்கவில்லை.

முனிரத்தினத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மானாம்பதிப் பக்கம் ஒரு சிற்றேரியின் நீர்க்கட்டி அவர். மதகைத் திறப்பது, மூடுவது, வாய்க்காலில் வரும் தண்ணீரை வயல்வாரியாகப் பிரித்து விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. சொந்தமாக அவருக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. போன வருடம் ஏரிச் சங்கம் மதகில் ஒரு தானியங்கி இயந்திரத்தைப் பொருத்தியது. சோலார் தகடு, பேட்டரி, கம்ப்யூட்டர் வைத்த ஒரு சின்னப் பெட்டி. இத்தனை மணி நேரம் என்று பொத்தானை அமுக்கினால் அதுவே கதவைத் திறந்து அதுவே மூடும். அன்றிலிருந்து முனிரத்தினம் மதகைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அவசரத்துக்கு வைத்த கைப்பிடி மட்டும் அவர் வீட்டில் இருந்தது.

வம்பு அந்தக் கைப்பிடியால்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஆறு மணிக்குச் சங்கத் தலைவர் வெங்கடேசன் தன் கையாலேயே பொத்தானை அமுக்கினார். கடைமடையில் பிந்தி நட்ட பயிருக்கு இரண்டு மணி நேரத் தண்ணீர். எட்டு மணிக்குக் கதவு மூடியிருக்க வேண்டும். ஆனால் பதினோரு மணி வரை தண்ணீர் ஓடியது. வாய்க்கால் வழிந்து, அறுப்புக்கு நின்ற முப்பது ஏக்கர் நெல் சாய்ந்து மிதந்தது. இயந்திரத்தின் பதிவேடோ 'ஆறு மணிக்குத் திறப்பு, எட்டு மணிக்கு மூடல்' என்று காட்டியது. அப்படியானால் எட்டு மணிக்குப் பிறகு யாரோ கைப்பிடி போட்டுத் திறந்திருக்க வேண்டும். கைப்பிடி ஒருவரிடம்தான் இருந்தது. பதினோரு மணிக்குக் கதவு இறங்கியபோது அவர் மதகில் நின்றதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

'நானே திறந்தேன், மன்னிக்கவும்' என்று சங்கத்தார் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் போலீஸில் புகார், வேலையும் போகும்.

"போட்டாலும் வேலை போவும்மா" என்றார் முனிரத்தினம். "போடாமப் போனா பேரு மட்டுமாவது மிஞ்சும்."

அன்று எங்கே இருந்தார் என்று அகிலா கேட்டாள். மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடைமடையில் வரப்பை வெட்டித் தண்ணீர் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். கடிகாரம் கட்டும் வழக்கம் இல்லை. ஆனால் வெயிலைப் பார்த்தால் நேரம் தெரியும். தண்ணீர் நிற்கவேண்டிய நேரத்தைத் தாண்டி வருகிறதே என்று இயந்திரம் வைத்த கம்பெனியின் எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். ஒரு பெண் எடுத்து, திரையைப் பார்த்துவிட்டு, 'இப்போதான் ஒரு மணி நேரம் ஆகுது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு' என்று சொல்லியிருக்கிறாள். தன் கணக்குதான் தப்போ என்று இவர் திரும்பவும் மண்வெட்டியைப் பிடித்துவிட்டார். அப்புறமும் நிற்காமல் வரப்புகள் உடைய ஆரம்பித்ததும் மதகுக்கு ஓடியிருக்கிறார். ஓடி முடிப்பதற்குள் கதவு தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

இதைச் சொன்னபோது ஊரில் எல்லோரும் சிரித்தார்களாம். நேரம் பார்க்கத் தெரியாத ஆள் கதை கட்டுகிறான் என்றார்களாம். அகிலா அவருடைய பட்டன் போனை வாங்கிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு முப்பது, இரண்டு நிமிடப் பேச்சு. போன் பேசியது பொய்யில்லை.

"எட்டரைக்குப் போய் ஒரு மணி நேரம்னு சொல்லியிருக்கா" என்றார் பீட்டர். "அந்தப் பொண்ணு எங்க மினி பஸ் ஓனருக்குச் சொந்தமா இருக்கும் மேடம். அவரும் இப்படித்தான் டைம் சொல்லுவாரு."

அகிலா சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

மார்கழிப் பனி இன்னும் விலகாத ஏரிக்கரையில் மூவரும் மதகுக்கு ஏறினார்கள். முதல் தடயத்தைக் கண்டுபிடித்தவர் பீட்டர். கைப்பிடி நுழைக்கும் இரும்புத் துளையை அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. கூடு உடையவே இல்லை. கைப்பிடியை நுழைத்திருந்தால் கூடு தூளாகியிருக்கும். கேஸ் முடிந்தது, மானாம்பதியில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

முனிரத்தினம் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"குளவி ரெண்டு நாளுல கட்டிடும். இது ஈரமா கீது பாருங்க, ஞாயித்துக்கெயமைக்கு அப்பால கட்டினது. இதைக் காட்டி என்னைக் காப்பாத்த வேணாம்மா. பொய் ஒண்ணு போதும் ஊருக்கு."

பீட்டரின் நாஷ்டா தள்ளிப்போனது. அகிலாவுக்கு அந்தக் கணத்திலேயே வழக்கின் ஒரு பாதி முடிந்துவிட்டது. தனக்குச் சாதகமான சாட்சியைத் தானே தள்ளிவிடுகிற மனிதன் கைப்பிடி சுற்றியிருக்க மாட்டான். ஆனால் அதைச் சங்கத்தில் சொன்னால் யாரும் ஏற்கப்போவதில்லை.

அவள் இயந்திரப் பெட்டிக்கு வந்தாள். பெட்டியின் முகப்பில் ஒரு பச்சை விளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கம்பெனி ஒட்டிய அறிவிப்பு: 'பச்சை விளக்கு நொடிக்கு ஒருமுறை மின்னினால் இயந்திரம் நலம்.' அதைப் படித்துவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இந்த விளக்கு எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள். முன்னெல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும் என்றார் முனிரத்தினம். சனிக்கிழமை கம்பெனிப் பையன் வந்து லேப்டாப்பை மாட்டிவிட்டுப் போனதிலிருந்து தூங்கி வழிகிறதாம்.

"பீட்டரண்ணே, உங்க வாட்ச்சைப் பாருங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மின்னுதுன்னு எண்ணுங்க."

பஸ் நிறைய ஆட்களை ஒரே பார்வையில் எண்ணிப் பழகியவர் பீட்டர். விளக்கை எண்ணுவது அவருக்கு ஒரு வேலையா? முதல் முறை இருபத்து நாலு. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார். இருபத்து நாலு.

"அறுபது மின்ன வேண்டியது இருபத்து நாலுதான் மின்னுது" என்றார். "ரெண்டரை மடங்கு சோம்பேறி."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ரெண்டரை."

அகிலா மதகுச் சுவரில் உட்கார்ந்து சுட்டுவிரலால் தூசியில் எழுதினாள். எட்டரை மணிக்கு உண்மையில் ஓடியிருந்தது இரண்டரை மணி நேரம். கம்பெனித் திரை சொன்னது ஒரு மணி நேரம். இரண்டரை மடங்கு. கதவு திறந்து கிடந்தது ஐந்து மணி நேரம். பதிவேடு சொன்னது இரண்டு மணி நேரம். அதுவும் இரண்டரை மடங்கு.

அவள் எழுந்து நின்று இருவருக்கும் விளக்கினாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு டைமர் உண்டு. நொடிக்கு இத்தனை தடவை என்று அது கெர்னலைத் தட்டி எழுப்பும். அந்தத் தட்டலுக்கு இன்டரப்ட் என்று பெயர். நொடிக்கு எத்தனை தட்டல் என்பதைக் கெர்னலைக் கட்டுகிற ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும். நூறு வைக்கலாம், இருநூற்றைம்பது வைக்கலாம், ஆயிரமும் வைக்கலாம். தட்டல் கூடினால் கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி விழிப்பதால் பேட்டரி கரையும். குறைத்தால் பேட்டரி மிச்சம்.

"நொடிக்கு இருநூத்தம்பது தடவை விசில் ஊதினா எங்க டிரைவர் இறங்கி ஓடியிருப்பான்" என்றார் பீட்டர்.

இந்த மதகுக்கு நேரம் எப்படித் தெரிகிறது என்பதுதான் விஷயம் என்றாள் அகிலா. கதவை ஓட்டுகிற புரோகிராம் திறக்கும்போது ஒருமுறை பார்ப்பதோடு சரி, அதன்பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அது தட்டல்களை எண்ணுகிறது. நொடிக்கு இருநூற்றைம்பது என்று நம்பி எழுதியிருந்தால், இரண்டு மணி நேரத்துக்குப் பதினெட்டு லட்சம் தட்டல். எண்ணி முடித்ததும் கதவை மூடிவிட்டு, 'இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஆகவே எட்டு மணி' என்று தானே கணக்குப் போட்டு எழுதிவிடும். இப்போது யாரோ கெர்னலில் இருநூற்றைம்பதை நூறாக மாற்றிவிட்டு, கதவு புரோகிராமிடம் சொல்லாமல் விட்டால்? அதே பதினெட்டு லட்சத்தை எண்ண ஐந்து மணி நேரம் ஆகும். பதிவேட்டில் மட்டும் எட்டு மணி என்றே விழும். அந்தப் பெண்ணின் திரையும் இந்தப் பச்சை விளக்கும் அதே எண்ணிக்கையைத்தான் நம்பின.

முனிரத்தினம் விளக்கைப் பார்த்தார். அப்படியானால் தன் வெயில் கணக்கு சரிதானே என்று மட்டும் கேட்டார். சரிதான் என்றாள் அகிலா.

அதற்குப் பிறகு அவள் ஒரு தப்பு செய்தாள். கம்பெனியின் எண்ணுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வந்துபோன என்ஜினியர் ஸ்ரீராம்குமாரைப் பிடித்து, கெர்னல் டைமரை எத்தனைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேட்டுவிட்டாள். யார் பேசுவது என்று கேட்டுவிட்டு அவன் துண்டித்துவிட்டான். விளக்கை வீடியோ எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. விளக்கு எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்துவிட்டாள்.

பதினோரு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் நெல்லை இழந்தவர்கள். அவர்கள் முகத்தில் இருந்த கோபம் நியாயமானது என்பது அகிலாவுக்குத் தெரிந்தது. அவர்களில் ஒருவரான வெங்கடேசன் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் பக்கத்தில் காஞ்சிபுரத்திலிருந்து காரில் வந்த ஸ்ரீராம்குமார் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது இருக்கும். 'இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை' என்று கம்பெனிக் கடிதத்தைப் படித்தான். அகிலா பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"முனிரத்தினம், நீ இன்னா சொல்ற? போடறியா, இல்லியா?" என்றார் வெங்கடேசன்.

"போடமாட்டேன். நான் தொறக்கல."

அகிலா குறுக்கிட்டு, எல்லோரும் மதகுக்கு வரவேண்டும், ஒரே ஒரு நிமிடம் போதும் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே நாற்பது பேரும் கரையேறினார்கள். அறிவிப்பைப் பீட்டர் சத்தமாகப் படித்தார். யாரிடம் நல்ல கடிகாரம் இருக்கிறது என்று கேட்டு, வெங்கடேசனையே எண்ணச் சொன்னாள் அகிலா. கூட்டம் அமைதியானது. பச்சை விளக்கு மின்னியது. பீட்டர் மனதுக்குள் கூடவே எண்ணினார். பாதி நிமிடத்திலேயே அவர் முகம் வெளுத்தது.

"அறுபது" என்றார் வெங்கடேசன். "இதுக்குத்தான் எங்களை இயுத்துக்கினு வந்தியாம்மா?"

கூட்டம் சிரித்தது. காலையில் இருபத்து நாலு என்று பீட்டர் சொன்னதும் சிரிப்பு இன்னும் கூடியது. முனிரத்தினம் மட்டும் அசையாமல் நின்றார்.

அகிலா சிரிப்பு ஓயும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஸ்ரீராம்குமார் பக்கம் போனாள்.

"தம்பி, இந்தப் பெட்டி கடைசியா அணைஞ்சு மறுபடி உயிர் வந்து எவ்வளவு நேரம் ஆச்சு? உங்க லேப்டாப்புல மாட்டினா காட்டும். இவங்க முன்னாடி படிங்க."

அவன் தயங்கினான். படிப்பதில் என்ன கஷ்டம் என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள். அவன் வயரை மாட்டினான். ஒரு மணி நாற்பது நிமிடம் என்று மெல்லப் படித்தான்.

காலையில் தான் போன் போட்டு அரை மணி நேரம் கழித்து, பெட்டிக்குள் உள்ள சிம் கார்டு வழியாகக் காஞ்சிபுரத்தில் இருந்தபடியே யாரோ புதுக் கெர்னலை அனுப்பி இதைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள் என்றாள் அகிலா. குறையில்லாத இயந்திரத்தை எதற்காக அவசரமாக மாற்ற வேண்டும்? இதை மாற்ற முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு அந்தப் பெண் சொன்ன வார்த்தையை மாற்ற முடியாது. ஆறு மணிக்குத் திறந்தவர் தலைவர். எட்டரைக்கு முனிரத்தினம் பேசியது போனில் இருக்கிறது. கம்பெனி தன் பக்கத்துப் பேச்சுகளை எல்லாம் பதிவு செய்வதாக அந்த எண்ணிலேயே முதலில் சொல்கிறது. இரண்டரை மணி நேரத்தை ஒரு மணி நேரம் என்று சொன்ன இயந்திரம், இரண்டு மணி நேரம் என்று எழுதினால் அது உண்மையில் எத்தனை மணி நேரம் என்று இந்தக் கூட்டமே கணக்குப் போடட்டும்.

கூட்டத்தில் யாரோ விரல் விட்டு எண்ணினார்கள். அஞ்சு, என்றது ஒரு குரல். அப்புறம் இன்னொரு குரல்.

ஸ்ரீராம்குமாரின் போன் அடித்தது. அவன் பெயரைப் பார்த்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் கெர்னலை மாற்ற உத்தரவு போட்ட கம்பெனி முதலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று அகிலா ஊகித்தாள். இதற்குமேல் எதைக் கேட்டாலும் அவன் போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விடலாம். அகிலா அதைத் தடுக்க முடியாது. அதனால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"சனிக்கிழமை இதுல நீங்க வெச்ச நம்பர் எது?"

போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவன் அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"நூறு" என்றான்.

பிறகு அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான். பனிமூட்டத்தால் சோலார் தகடு சரியாகச் சார்ஜ் ஏறாமல் பேட்டரி படுத்துக்கொண்டிருந்தது. பெரிய பேட்டரி வைக்க முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. டைமரைக் குறை என்றார். இருநூற்றைம்பது நூறானது. கதவு புரோகிராமை எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அதற்குள் இருநூற்றைம்பது என்று கல்லில் வெட்டியதுபோல எழுதி வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. திங்கட்கிழமை தெரிந்துவிட்டது. முதலாளி வாயை மூடச் சொன்னார். இன்று காலை பழைய எண்ணை மறுபடி வைக்கச் சொன்னார்.

"மாத்தினது நான். தெரியாம மாத்தினேன். தெரிஞ்சப்புறம் ரெண்டு நாள் சும்மா இருந்தேன். அதுதான் தப்பு" என்றான். அவன் முனிரத்தினத்தைப் பார்த்துச் சொன்னான். முனிரத்தினம் அவனை மன்னித்த மாதிரி தெரியவில்லை.

ஸ்ரீராம்குமார் லேப்டாப்பை மதகுச் சுவரில் வைத்து, சொன்னதையெல்லாம் தன் பெயர் போட்டு எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினான். வேலை போகுமே என்று பீட்டர் கேட்டார். காருக்குப் போவதற்குள் போய்விடும் என்றான் அவன். எங்கள் பக்கம் ஆள் எடுக்கிறோம், சம்பளம்தான் நூறா இருநூற்றைம்பதா என்று மேடம் இன்னும் முடிவு செய்யவில்லை என்றார் பீட்டர். அவன் அரைகுறையாகச் சிரித்தான்.

நெல் போன விவசாயி ஒருவர் அகிலாவிடம் வந்து, நூறு, இருநூற்றைம்பது இரண்டில் எதுதான் சரி என்று கேட்டார். இரண்டும் சரிதான் என்றாள் அவள். பேட்டரிக்கு நூறு நல்லது, வேகத்துக்கு இருநூற்றைம்பது நல்லது. எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் அதை நம்பி எண்ணிக்கொண்டிருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். அந்த விவசாயி தலையை ஆட்டிவிட்டு, அப்படியானால் நஷ்டத்துக்குக் கம்பெனியைத்தான் பிடிக்க வேண்டும் என்று மற்றவர்களோடு பேசப் போனார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. வெங்கடேசன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சரி, ஆனது ஆகிப்போயிற்று, எல்லோரும் போய் வேலையைப் பாருங்கள் என்றார். முனிரத்தினம் நகரவில்லை. வெங்கடேசன் அவரைத் தாண்டிப் போகப் பார்த்தார். ஒற்றையடிப்பாதை அது. முனிரத்தினம் வழிவிடாததால் நிற்க வேண்டி வந்தது.

"இன்னாடா? அதான் உம்மேல தப்பில்லைன்னு ஆயிட்சே."

"கடைமடைப் பயிரு தண்ணி கேக்குது. நாளைக்கி யாரு தொறக்கறது?"

"இந்த மெஷினை இனிமே எவன் நம்புவான்? நீதான் தொறக்கணும். கைப்பிடி எடுத்துக்கினு வா."

முனிரத்தினம் அவர் முகத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னது கரையில் இறங்கிக்கொண்டிருந்த கடைசி ஆள் வரை கேட்டது.

"முப்பது வருசமா டா போட்டீங்க, சும்மா இருந்தேன். மூணு நாளாப் பொய்யன்னீங்க. இனிமே நீங்கன்னு கேட்டாத்தான் தொறப்பேன்."

இறங்கியவர்கள் நின்றார்கள். பீட்டரிடம் ஏதோ ஒரு பதில் தயாராக இருந்தது. அகிலா அவர் கையைத் தொட்டு அதை நிறுத்தினாள். வெங்கடேசன் ஏரியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சாய்ந்து கிடந்த தன் நெல்லைப் பார்த்தார்.

"நாளைக்கி…" என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். "நாளைக்கி ஆறு மணிக்குத் தொறங்க, முனிரத்தினம்."

முனிரத்தினம் ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்.